சட்டையோடு போன நீலம்

"அசையாதீங்க... அப்படியே நில்லுங்க."

பெண் பார்க்கக் கிளம்பிய ஒருவனிடம், முன்பின் தெரியாத ஒருத்தி சொல்கிற பேச்சா இது? ஆனாலும் அந்தோணிராஜ் அசையவில்லை. அசைய முடியவில்லை என்பதுதான் சரி. திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் ஏறிய கும்பல் முழுக்க அவன் தோளில்தான் சாய்ந்திருந்தது. அவன் நெஞ்சோடு ஒரு பெரிய சதுரக் கான்வாஸ் அப்பிக் கிடந்தது. அதற்கு மேலே இரண்டு கண்கள்...

மழையில் நனைந்த கண்கள். இமை நுனியில் துளித்துளியாய்த் தண்ணீர். எவ்வளவு பெரிய கண்கள்... ஆனால் அவை அவன் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவன் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் கான்வாஸை மெல்லப் பிரித்து எடுத்தாள். அல்வாவிலிருந்து காகிதத்தை உரிக்கிற மாதிரி ஒரு சத்தம். அந்தோணிராஜ் குனிந்து பார்த்தான். காலையில் அம்மா மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்த புது வெள்ளைச் சட்டை. இப்போது அதன் நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம், அதற்குக் கீழே செங்கல் நிறம், ஓரத்தில் ஒரு கீற்று மஞ்சள்...

"இன்னாம்மா இது... கண்ணு தெரியாதா உங்களுக்கு?"

"நல்லாத் தெரியுது. அதனாலதான் பார்த்துட்டிருக்கேன்."

"எதை?"

"உங்க சட்டையை. என் நீலம் உங்ககிட்ட வந்துடுச்சு."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். என்னமோ அவன் அவள் பையில் கை விட்டு எடுத்துக்கொண்ட மாதிரி ஒரு பார்வை. அநியாயம் என்றால் இதுதான் அநியாயம்.

"ஏங்க, நான் பெரம்பூருக்குப் பொண்ணு பாக்கப் போய்கினு கீறேன். இந்தக் கோலத்துல போய் நின்னா பொண்ணு ஊட்ல இன்னா சொல்வாங்க?"

"ஸாரி... ரொம்ப ஸாரி. கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திரும்புங்களேன்."

பெட்டியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவனைச் சுட்டுவிட்டது. ஆண்பிள்ளைக்கு ரோஷம் வந்தால் வாய் சும்மா இருக்குமா?

"படம்னா ஒரு மரம், ஒரு ஊடு, ஒரு மூஞ்சி... எதுனா இருக்கணும். இது இன்னாது, திட்டுத் திட்டா... ஆவடில எங்க பேக்டரில டாங்கிக்கு இப்பிடித்தாங்க பெயின்ட் அடிக்கிறோம். நானே டெய்லி அடிக்கிறேன். இதுக்குப் போயி என் சட்டைய பாழாக்கிட்டீங்களே."

இப்போது பெட்டியே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. முதல் தடவையாக அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்களில் இருந்தது மழைத் தண்ணீர் மட்டும் இல்லை... அம்பத்தூர் வந்ததும் கான்வாஸை அணைத்துக்கொண்டு விடுவிடுவென்று இறங்கிவிட்டாள்.

அந்தோணிராஜ் இரண்டு நொடி நின்றான். 'போனா போவட்டும்' என்றது ரோஷம். 'அடப் பாவி, அழ வச்சிட்டியே' என்றது மனசு. ரயில் நகர ஆரம்பித்தது. அவனும் குதித்துவிட்டான்.

குதித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. முன்னால் மகளிர் பெட்டியில் அம்மா சகாயமேரி உட்கார்ந்திருக்கிறாள். கையில் வெற்றிலை பாக்கு, பழத்தட்டு சகிதம். ரயில் அவளை மட்டும் அழைத்துக்கொண்டு பெரம்பூருக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிளாட்பாரத்துக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் பெஞ்சில் கான்வாஸைச் சாய்த்து வைத்து அதன் எதிரே நின்றிருந்தாள். நீலம் இருந்த இடத்தில் இப்போது சுரண்டி எடுத்த மாதிரி ஒரு பள்ளம்.

"நான் சொன்னது தப்புதாங்க," என்றான் பின்னால் நின்று. "படத்தப் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது."

அவள் திரும்பவில்லை. "நீங்க சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல. எல்லாரும் அதான் சொல்றாங்க. சட்டையைக் கழட்டுங்க."

"ஆங்?"

"காயறதுக்குள்ள பார்க்கணும். எவ்வளவு பெயின்ட் எந்தப் பக்கம் வந்திருக்குன்னு. கழட்டுங்க, ப்ளீஸ்."

மாப்பிள்ளை பனியனோடு நின்றார். அவள் சட்டையைப் பெஞ்சில் விரித்து, கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, பின்னால் நகர்ந்து, முன்னால் வந்து... ஒரு அழுக்கை அப்படிப் பார்க்க முடியும் என்று அந்தோணிராஜுக்கு அன்றுதான் தெரியும். ஒருத்தி ஒரு பொருளைப் பார்ப்பதை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நிற்கலாம் என்பதும் அன்றுதான் தெரிந்தது. குளிர்கூட உறைக்கவில்லை.

பேர் ஹில்டா. ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். பெரம்பூரில் இருக்கிற கடைக்கு பிரேம் போடக் கொண்டுபோன படம் அது. டீ வாங்கிக் கொடுத்து அவன் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

"மறுபடி அந்த எடத்துல அதே நீலத்த அடிச்சுக்கக்கூடாதா?"

"முகம்னா அடிச்சுக்கலாம். தப்பாச்சுன்னா அந்த ஆளைப் போய் மறுபடி பார்த்துட்டு வரலாம். இதுக்குப் போய்ப் பார்க்க ஒண்ணும் கிடையாதே... இதுவேதான் இருக்கு. போனா போச்சு."

"அப்ப இது எதுவுமே இல்லியா?"

ஹில்டா கொஞ்சம் தயங்கினாள். இதையெல்லாம் யாரும் அவளிடம் கேட்டதில்லை. "இது எங்க ஸ்டேஷன் வாசல்ல பூ கட்டற அம்மா. ஸ்கூல் விட்டதும் பெஞ்சுல உட்கார்ந்து பென்சில்ல அவங்க முகத்தைத்தான் வரைவேன். திரும்பத் திரும்ப அதே முகம். அப்புறம் கான்வாஸ் முன்னாடி நின்னு, பேர் சொல்லக்கூடியதை எல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துடுவேன். இது மூக்கு... எடுத்துடு. இது காது... எடுத்துடு. மிச்சம் என்ன இருக்கோ அதைத்தான் வரைவேன்."

"எல்லாத்தையும் எடுத்துட்டா மிச்சம் இன்னா இருக்கும்?"

"அந்த ஆள் இருப்பாங்க."

அந்தோணிராஜ் படத்தைப் பார்த்தான். திட்டுத் திட்டான அந்த வண்ணங்களில், குனிந்து உட்கார்ந்திருக்கிற ஒரு பொறுமை தெரிகிற மாதிரி இருந்தது. தெரிந்ததா, அவள் சொன்னதால் தெரிந்ததா... எப்படியோ, உடம்பு சிலிர்த்தது.

"நெஜமா மூஞ்சி வரைவீங்களா?"

"வரைவேன். அது அப்படியே தலைகீழ். திட்டுலேர்ந்து ஆரம்பிப்பேன். இது கண்ணு, இது மூக்குன்னு நினைக்கவே மாட்டேன். நீலம், பச்சை, காவி... திட்டுக்குப் பக்கத்துல திட்டு சரியா உட்கார்ந்தா முகம் தானா வந்து நிக்கும்." சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்தது. உடனே வாடியது. "ஆனா இப்ப பெயின்ட்ல வரையறதில்ல. கண்காட்சிக்கு ரெண்டும் கேட்டிருக்காங்க. ஒரே கையால ஒரு உருவம், ஒரு அரூபம். அடுத்த சனிக்கிழமைக்குள்ள குடுக்கணும். எங்க வீட்டுல முகம் வரைய முடியாது."

"எடம் பத்தாதா?"

"ம்..." என்றாள் ஹில்டா.

இடம் தாராளமாகத்தான் இருந்தது. இல்லாதது அனுமதி. அப்பா எட்மண்டின் வீட்டுச் சுவரில் ஒரு மனித முகம் கிடையாது. சிலுவையும் வசனக் காலண்டரும், ஹில்டா வரைந்த ஒரு வண்ணப் படமும்தான். அவர் போகிற ஜெபக்கூடத்தில் உருவம் என்றாலே ஆகாது. கல்லூரியில் சேர்க்கும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: 'என் கூரைக்குக் கீழ மனுஷ முகம் வரையாதே.' அம்மா இல்லாத பெண்ணைத் தனியாக வளர்த்த மனிதர். அவர் வேறு எதுவும் கேட்டதில்லை. ஹில்டாவும் சொன்ன சொல்லைத் தாண்டியதில்லை. ஆனால் முகம் வரையாமல் அவளுக்குக் கை அரித்தது. சனிக்கிழமை தவறினால் அந்தக் கண்காட்சியும் இல்லை... அப்புறம் ஆயுசுக்கும் டிராயிங் டீச்சர்தான். ரெயில்வே பெஞ்சில் பனியனோடு உட்கார்ந்திருந்தவனிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

"எங்களுக்கெல்லாம் டிராயிங் குடுத்துடுவாங்க," என்றான் அவன், அவளைச் சிரிக்க வைக்க. "சாக்பீஸ்ல கோடு போடுவோம். கோட்டுக்கு இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் காக்கி. அவ்ளோ பெரிய டாங்கி நிக்கிறதே தெரியக்கூடாது, அதான் எங்க வேலை. நாங்க ஒளிக்கறதுக்கு அடிக்கிறோம்."

"நான் காட்டறதுக்கு அடிக்கிறேன்," என்றாள் ஹில்டா. சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டாள்.

அந்தோணிராஜ் அந்தச் சிரிப்பிலேயே பெரம்பூர்ப் பெண்ணை மறந்துவிட்டான். பார்க்காத பெண்ணை மறப்பது ஒன்றும் பெரிய காரியம் இல்லைதான்.

ஆவடி குவார்ட்டர்ஸில் அன்று சாயங்காலம் நடந்ததை விவரிக்க வேண்டாம். சகாயமேரியின் குரல் அடுத்த பிளாக் வரைக்கும் கேட்டது.

"கேசரி குடுத்தாங்க, பஜ்ஜி குடுத்தாங்க. மாப்பிள எங்கன்னு கேட்டாங்க. நான் வாசலப் பாத்துகினே ஒருத்தியா உக்காந்து துன்னுட்டு வந்தேன்டா. ரயில்லேருந்து காணாமப் பூட்டான்னு சொன்னா யார்னா நம்புவாங்களா?"

அடுத்த நாள் மாலை, பார்ப்பதற்காக வாங்கி வைத்துக்கொண்ட சட்டையைத் திருப்பிக் கொடுக்கவும் மன்னிப்புக் கேட்கவும் ஹில்டா வந்து நின்றாள். சகாயமேரி கதவைத் திறந்தாள். இடுப்பில் கை. நெற்றியில் வியர்வை. கண்ணில் தீ. மேலே சுவர் நிறையச் சுரூபங்கள், மாதா, திருக்குடும்பம், அந்தோணியார்... எல்லாருமாகச் சேர்ந்து கோபமாய்ப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"நீதானா அது?"

ஹில்டா அவள் முகத்தையே பார்த்தாள். அவள் கண் சுருங்கியது. தலை சாய்ந்தது. அந்தோணிராஜ் உள்ளே நின்று பார்த்தான். 'ஐயோ, அதே பார்வை...'

"ஆன்ட்டி... கொஞ்சம் அப்படியே இருக்கீங்களா? அந்த ஜன்னல் வெளிச்சம் உங்க கன்னத்துல விழுது. எவ்வளவு நல்ல முகம் உங்களுக்கு."

அம்பது வயதுக்கு மேல் ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னால் தீ எவ்வளவு நேரம் எரியும்? சகாயமேரி முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "துடைக்காதீங்க ஆன்ட்டி," என்றாள் ஹில்டா பதறி. அந்தோணிராஜ் சமையற்கட்டுக்கு ஓடிப்போய்ச் சிரித்தான்.

இப்படித்தான் அந்த வராந்தாவில் முகம் வர ஆரம்பித்தது. பள்ளி விட்டதும் ஹில்டா ஆவடிக்கு வந்துவிடுவாள். அவன் ஷிப்ட் முடிந்து, கை கழுவி, கதவோரம் உட்கார்ந்துகொள்வான். முதல் நாள் கான்வாஸில் கன்னத்துக்குப் பச்சை, கழுத்துக்கு நீலம். சகாயமேரி எட்டிப் பார்த்துவிட்டு மாரில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இன்னாடி இது, மஞ்சக்காமால வந்தவ மாதிரி கீறேன்?"

"இன்னும் நீங்க வரல ஆன்ட்டி. வருவீங்க."

"அந்த மருவு மட்டும் வேணாம்."

"அந்த மருவுலேர்ந்துதான் ஆரம்பிச்சேன்."

அந்தோணிராஜுக்கு அவளைப் பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. பிரஷ்ஷை வால் நுனியில்தான் பிடிப்பாள். ஒரு திட்டு வைத்துவிட்டுப் பின்னால் நாலடி நகர்வாள், பூந்தொட்டியில் இடித்துக்கொள்வாள். கான்வாஸைத் திடீரென்று தலைகீழாய்த் திருப்பி வைத்து வரைவாள். கேட்டால், "முகம்னு தெரிஞ்சா கை பொய் சொல்லும்," என்பாள். அவன் வருஷக்கணக்காய் ஸ்பிரே கன் பிடித்த கை. வண்ணம் என்றால் டப்பாவில் நம்பர் போட்டு வருகிற சமாச்சாரம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான். இவளோ ஒரு பழுப்பு வேண்டும் என்றால் ஊதாவிலிருந்து கிளம்பினாள். அது போய்ச் சேர்கிற இடம் அவன் அம்மாவின் கழுத்து நிழலாக இருந்தது. இவ்வளவு நாள் பார்த்த அம்மாவை அவன் இப்போதுதான் பார்க்கிறான் என்று தோன்றியது.

ஒரு நாள் அவள் கன்னத்தில் நீலம் ஒட்டியிருந்தது.

"இங்க..." என்றான், தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி.

அவள் தவறான கன்னத்தைத் துடைத்தாள்.

"அந்தப் பக்கம்... இருங்க." துணியில் டர்பன்டைன் தொட்டு நீட்டினான். விரல் லேசாய்ப் பட்டது. இரண்டு பேருமே துணியை விட்டுவிட்டார்கள். அது தரையில் விழுந்தது. 'இவன் ஏன் இப்படிப் பார்க்கிறான்... நான் ஏன் இப்படி நிற்கிறேன்...' ஹில்டாவின் நெஞ்சு ரயில் மாதிரி ஓடியது.

"எனக்கு முதுகு வலிக்குது," என்றாள் சகாயமேரி, எங்கேயோ பார்த்துக்கொண்டு. "நீங்க ரெண்டு பேரும் அந்தத் துணிய எடுக்கப் போறீங்களா, நான் எடுக்கட்டுமா?"

வெள்ளிக்கிழமைக்குள் முகம் வந்துவிடும். கண்கள் மட்டும்தான் பாக்கி. கண்ணைக் கடைசியில்தான் வைப்பாள்.

அந்தோணிராஜ்தான் காரியத்தைக் கெடுத்தான். வியாழக்கிழமை காலை அவனுக்கு லீவு. அரூபப் படத்துக்கு பிரேம் அளவு எடுத்து வருகிறேன் என்று திருமுல்லைவாயிலுக்கு அவனே போனான். படம் கூடத்து மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. எட்மண்ட் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதிகம் பேசாத மனிதர். அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று இவன் நினைத்தான். சுவரெல்லாம் மாதாவும் புனிதர்களுமாகப் பார்த்து வளர்ந்த பிள்ளை. ஒரு முகத்தை வரைந்ததற்கு ஒரு தகப்பன் வருத்தப்படுவார் என்று அவனுக்குக் கனவிலும் தோன்றுமா?

"உங்க பொண்ணு கை சாமான்யம் இல்ல சார். எங்க ஊட்டு வராந்தாவுல எங்கம்மா மூஞ்சிய அப்பிடியே எறக்கிட்டாங்க. கண்ணு மட்டும் வச்சா எழுந்து வந்து திட்டும்."

கையில் டிபன் டப்பாவோடு எட்மண்ட் நின்றுவிட்டார். மகளைப் பார்த்தார். ஹில்டாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"நம்ம கூரைக்குக் கீழ இல்லப்பா..." என்றாள், கேட்கிறதோ இல்லையோ என்கிற குரலில்.

"ஆமா," என்றார் அவர். "நான் சொன்ன வார்த்தையை நீ மீறல." டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு, சாப்பாடு எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

வாசலில் ஹில்டா அவனைப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுதாள். "இடம் இல்லன்னு நீங்களா நெனச்சுகிட்டீங்க. என் மேலயும் தப்பு, நான் மறைச்சேன். போதும்... கண்காட்சியும் வேணாம், ஒண்ணும் வேணாம். இனிமே நான் அங்க வரல."

அவன் பேச வாய் எடுத்தான். கதவு சாத்திக்கொண்டது. முரட்டுத்தனமாகக்கூட இல்லை, மெல்லத்தான் சாத்தினாள். அதுதான் அவனால் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை காலையிலிருந்து மழை. பள்ளிக்கு லீவு விட்டிருந்தார்கள். ஹில்டா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எதிரே எட்மண்ட். அவர் கையில் வேதாகமம் திறந்தபடி இருந்தது, பக்கம் திரும்பவே இல்லை. கேட்டுக்கு வெளியே யாரோ நிற்பது தெரிந்தது.

அந்தோணிராஜ்தான். ஒரு கையில் குடை. அந்தக் குடை அவன் தலைக்கு மேல் இல்லை. சாக்குத் துணி சுற்றிய கான்வாஸுக்கு மேல் இருந்தது. அவன் தொப்பலாய் நனைந்துகொண்டிருந்தான். உடம்பில் அந்த வெள்ளைச் சட்டை... நெஞ்சில் அந்த நீலம். பக்கத்தில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா, படுதா போட்டு.

எட்மண்ட் கதவைத் திறந்து வராந்தாவுக்கு வந்தார். "என்ன தம்பி, உள்ள வர வேண்டியதுதானே?"

"இல்ல சார். மூஞ்சி கீது கையில. உங்க கூரைக்குக் கீழ கொண்டாரக் கூடாதில்ல." பல் தந்தியடித்தது அவனுக்கு. "சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும். கண்ணு மட்டும் பாக்கி. ரோட்ல கூரை இல்ல சார். அவங்க இங்கயே நின்னு வரையட்டும். நான் குடை புடிச்சிகினு நிக்கிறேன். உங்க சொல்லும் கெடாது, அவங்க படமும் கெடாது. நீங்க வேணாம்னா தோ, இப்பிடியே திரும்பிடுறேன்."

படுதா விலகியது. உள்ளே பட்டுப் புடவையோடு சகாயமேரி. "நானும் வந்துகீறேன் சார். மாடல் இல்லாம கண்ணு வராதாம்."

எட்மண்ட் அந்தக் குடையையும் அதற்குக் கீழே இருந்த சாக்குத் துணியையும் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்து, "போம்மா," என்றார்.

ஹில்டா பிரஷ்களை எடுத்துக்கொண்டு ஓடினாள். திருமுல்லைவாயில் தெரு அப்படி ஒரு காட்சியை அதற்கு முன் பார்த்திருக்காது. கேட்டின் கிராதியில் கான்வாஸ் சாய்ந்திருந்தது. மேலே குடை. ரிக்‌ஷாவில் ராணி மாதிரி சகாயமேரி. ரிக்‌ஷாக்காரர் பீடியை அணைத்துவிட்டு மரியாதையாய் நின்றார். ஹில்டா ஒரு திட்டு வைப்பாள், பின்னால் நகர்வாள், மழையில் நனைவாள், மறுபடி குடைக்குள் வருவாள். அந்தோணிராஜின் கை மரத்துப்போயிற்று. குடை ஒரு இம்மிகூட அசையவில்லை. அவன் மனசுக்குள் ஒரே ஒரு நினைப்புதான்: 'இவள் வரைகிற வரைக்கும் நான் இப்படியே நிற்பேன்... ஆயுசு முழுக்க நிற்கச் சொன்னாலும் நிற்பேன்.'

கடைசியாகக் கறுப்பு விழிக்குள் ஒரு புள்ளி வெள்ளை. அவ்வளவுதான். சகாயமேரி வந்துவிட்டாள். கோபம், கேலி, பாசம் எல்லாவற்றோடும் கான்வாஸிலிருந்து பார்த்தாள்.

எட்மண்ட் எப்போது கேட்டருகே வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. அவரும் நனைந்திருந்தார். அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படம் வராந்தா வரைக்கும் வரட்டும்," என்றார். "உள்ள வாங்கம்மா, நனையாதீங்க. காப்பி போடறேன்."

கூடத்தில் ஆர்மோனியப் பெட்டிக்கு மேலே ஒரே ஒரு படம் மாட்டியிருந்தது. ஹில்டா கல்லூரி முடித்த வருஷம் வரைந்தது. சாம்பல், ரோஜா, ஓரமாய் ஒரு பொன் கீற்று... எந்த உருவமும் இல்லை. சகாயமேரி காப்பி டம்ளரோடு அதன் கீழே நின்றாள்.

"இது இன்னா சார்?"

"என் பொண்ணு வரைஞ்சது."

"அது தெரியுது. இன்னாதுன்னு கேக்குறேன்."

எட்மண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் சம்சாரம்," என்றார்.

ஹில்டாவின் கையிலிருந்த பிரஷ் நழுவி விழுந்தது. அவள் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவின் முகத்தைக் கல்லூரியில் நினைவிலிருந்து வரைந்து வரைந்து, கண்ணை எடுத்து, வாயை எடுத்து, மிச்சத்தைத்தான் அங்கே வைத்திருந்தாள். சும்மா கலர்தான் என்று அப்பா நினைத்து மாட்டியிருக்கிறார் என்றுதான் இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தாள்.

"எப்படிப்பா..."

"அவ சாயங்காலம் விளக்கு ஏத்திட்டுத் திரும்பறப்ப இப்படித்தான் இருக்கும். முதல் நாளே தெரிஞ்சுது." அவர் குரல் உடைந்தது. "போட்டோ ஒண்ணுகூட வைக்காம இருந்தேன். உருவம்னு ஒண்ணு கண்ணு முன்னால இருந்தா நான் ஆண்டவரை விட்டுட்டு அவளையே கும்பிட ஆரம்பிச்சுடுவேன்னு பயம்மா எனக்கு. உனக்கு ஏன் அந்தக் கட்டளைன்னு உன்கிட்ட சொன்னதில்ல. சொல்லத் தெரியல."

ஹில்டா ஓடிப்போய் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். அந்தோணிராஜ் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினான். மழையில் நனைந்ததால் என்று வைத்துக்கொள்ளலாம்.

எட்மண்ட் மூலையில் இருந்த கான்வாஸைத் திருப்பி வைத்தார். ரயிலில் காயம்பட்ட அதே படம். இப்போது அது வேறு படம். நடுவில் பெரிதாய் ஒரு வெள்ளை விரிந்திருந்தது. அந்த வெள்ளையின் நெஞ்சில் பதித்த மாதிரி ஒரு நீலம்.

"இந்த வெள்ளை முன்னால இல்ல. இப்பதான் வந்திருக்கு. இது யாரும்மா?"

"பூக்கட்டற அம்மாதான்ப்பா... முதல்ல."

"முதல்ல கேக்கல. இப்ப கேக்குறேன்."

சொல்லிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. அப்பாவைக் கடைசிவரை நோகடிக்கிற வார்த்தையாகவும் ஆகலாம். ஹில்டா ஈரம் சொட்ட நிற்கிற அந்த ஆளைப் பார்த்தாள். தன் தலைக்குக் குடை பிடித்துக்கொள்ளத் தோன்றாத ஆள்...

"இவர்தான்ப்பா," என்றாள். "அன்னிக்கு ரயில்லேர்ந்து இவரை என்னால எடுக்க முடியல. எதை எடுத்தாலும் மிச்சம் இவராத்தான் இருக்கு. எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு."

அந்தோணிராஜ் அந்தப் படத்தைப் பார்த்தான். மூஞ்சி இல்லை, மூக்கு இல்லை. ஆனால் அவன்தான். முதல் தடவையாக யாரோ தன்னை முழுசாய்ப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

"சார்... எனக்கு ஒளிக்கறதுக்குத்தான் பெயின்ட் அடிக்கத் தெரியும்," என்றான் திக்கித் திக்கி. "இந்தச் சட்டைய அம்மா கிரசின்ல ஊறப் போட்டாங்க. தெரியாம எடுத்து ஒளிச்சு வச்சிகினேன். இன்னிக்குப் போட்டுகினு வந்துட்டேன். இதுக்கு மேல ஒளிக்க முடியல சார். எனக்கும் அவங்கள ரொம்பப் புடிச்சிருக்கு."

எட்மண்ட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவன் தன்னையறியாமல் அந்தப் படத்தை நோக்கி ஒரு அடி வைத்திருந்தான். அவளும் வைத்திருந்தாள்.

"பார்த்து தம்பி," என்றார் மெல்ல. "அந்த வெள்ளை இன்னும் காயல. அஞ்சு மணிக்குள்ள குடுக்க வேண்டிய படம். மறுபடி போய் மோதிக்காதீங்க."

"மோதட்டும் சார்," என்றாள் சகாயமேரி, காப்பியை உறிஞ்சிக்கொண்டே. "கல்யாணத்துக்கு எப்பிடியும் இன்னொரு வெள்ளச் சட்ட எடுத்துத்தானே ஆவணும்."